டைனோசரைப் பார்த்துச் சலித்தவர்கள்

ஒரே படத்தை ஐந்து பேர் பார்த்தால் அது ஐந்து படமாகிவிடுகிறது. 2025 ஜூலையில் ‘ஜுராசிக் வேர்ல்ட்: ரீபர்த்’ வெளியான பின்னர் எங்கள் உயர்தர வகுப்புகளில் நடந்த வாக்குவாதங்களைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். சிலர் வீட்டாரோடு தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள். சிலர் நாநாமாரோடு சேர்ந்து பிறகு வீட்டில் பார்த்தார்கள். பார்க்காதவர்களும் கருத்துச் சொன்னார்கள். உண்மையில் அவர்களுடைய சத்தம்தான் ஆகக் கூடுதலாக இருந்தது. தோழிகளின் பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார்கள் என்பதால், அவர்கள் படிக்கும் பிரிவைச் சொல்லியே இங்கு எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. மைக்கேல் கிரைட்டன் 1990இல் எழுதிய நாவலை வைத்து ஸ்டீவன் ஸ்பில்பேர்க் 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ எடுத்தார். அந்த வரிசையில் இது ஏழாவது படம். இயக்கியவர் கரெத் எட்வர்ட்ஸ். முதல் படத்தின் திரைக்கதையில் பங்கெடுத்த டேவிட் கெப்பே இதற்கும் எழுதியிருக்கிறார். முந்தைய படங்களில் ஆராய்ச்சிகூடத்தில் பிறந்து உலகமெங்கும் பரவிய டைனோசர்கள், இப்போது காலநிலை ஒத்துவராமலும் நோயாலும் அழிந்து, பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அங்கு மனிதர் போகத் தடை. ஆனால் இதய நோய்க்கு மருந்து செய்வதற்காகக் கடலிலும் தரையிலும் வானிலும் வாழும் மூன்று பெரிய பிராணிகளின் இரத்தம் தேவை என்று ஒரு மருந்துக் கம்பனி இரகசியமாக ஒரு குழுவை அனுப்புகிறது. இதுதான் கதை.

உயிரியல் படிக்கும் தோழிக்குப் படம் பிடிக்கவில்லை. “மூணுல ரெண்டு டைனோசரே இல்ல” என்பது அவளுடைய முதல் குற்றச்சாட்டு. அவள் சொன்னது சரிதான். கடலில் வரும் மோசசோரஸ் ஒரு கடல் ஊர்வன. வானில் வரும் குவெட்சல்கோட்லஸ் பறக்கும் ஊர்வன இனத்தைச் சேர்ந்தது. இரண்டும் டைனோசர்களின் காலத்தில் வாழ்ந்தவை, அவ்வளவுதான். டைனோசர்கள் அழிந்து 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளாகின்றன. இதுவரை மீட்டெடுக்கப்பட்ட மிகப் பழைய டீஎன்ஏ கிரீன்லாந்து மண்ணிலிருந்து கிடைத்தது; அதற்கு வயது சுமார் 20 இலட்சம் ஆண்டுகள்தான். ஆகவே டைனோசரை மீண்டும் உருவாக்கும் கதை கதையாகவே இருக்கும்.

ஆனால் மருந்து விடயத்தை அவள் பொய் என்று சொல்லவில்லை. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் கப்டோப்ரில் என்ற மாத்திரை, பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் 1981இல் அதற்கு அனுமதி கிடைத்தது. நீரிழிவுக்கான ஒரு மருந்துக்கும் மூலம், கீலா எனப்படும் விஷப் பல்லியின் உமிழ்நீர். உம்மும்மாமாரின் மருந்துப் பெட்டிக்குள்ளும் ஊர்வன இருக்கின்றன என்று அவள் சொன்னபோது எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

அந்த அமைதியை உடைத்தவள் வர்த்தகப் பிரிவுத் தோழி. “மருந்து வித்த காசுல அந்தப் பாம்புக்கு என்ன கிடைச்சது?” என்று கேட்டாள். சிரிப்புக்காகக் கேட்டாலும், படம் கேட்கும் கேள்வியும் அதுதான். உயிர் காக்கும் மருந்து ஒரு கம்பனிக்குச் சொந்தமா, எல்லோருக்கும் சொந்தமா? கணக்குப் பார்ப்பதிலும் அவள் குறைவைக்கவில்லை. 180 மில்லியன் டொலர் செலவில் எடுத்த படம் 860 மில்லியன் டொலருக்கு மேல் வசூலித்திருக்கும்போது, எட்டாவது படம் வராமல் இருக்காது என்பது அவளது தீர்ப்பு.

கணிதப் பிரிவுத் தோழியின் பிரச்சினை வேறு. பூமத்திய ரேகையை ஒட்டித்தான் டைனோசர்கள் வாழ்கின்றன என்றால், கொழும்பு ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. “அப்ப நம்மட பாமன்கடைக் கால்வாய்க்கு ஏன் ஒன்னும் வரல்ல?” என்றாள். கால்வாய்க் கரையில் வெயில் காயும் கபரகொய்யாக்களே போதும் என்றார்கள் மற்றவர்கள். உயிரியல் தோழி இதையும் விடவில்லை. கபரகொய்யா பார்வைக்கு டைனோசர் மாதிரி இருந்தாலும் அது தூரத்து உறவுதான். மதிலில் இருந்து நமது பகலுணவுப் பெட்டியைப் பார்க்கும் காகம்தான் உண்மையான வாரிசு. பறவைகள் டைனோசர் வழியில் வந்தவை என்பது இன்று விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்ட விடயம்.

கலைப் பிரிவுத் தோழிக்கு மனதில் நின்றது, படத்தின் கடைசியில் வரும் அந்த விகாரமான பிராணி. பூங்காவில் புதிதாக எதையாவது காட்ட வேண்டும் என்பதற்காக மனிதர் கலப்பினம் செய்து, பிழைத்துப் போனதும் தீவிலேயே விட்டுவிட்டு ஓடிய உயிர் அது. எல்லோரும் பயந்து அலறிய இடத்தில் தனக்கு அழுகை வந்தது என்றாள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாங்கள் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஒரு உயிரைத் தன் தேவைக்காக அடைத்துவைத்தால் அதற்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. “அது அரக்கன் இல்ல. அதச் செஞ்சவங்கதான்” என்று அவள் சொன்னதை நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

வாப்பாவின் கருத்தையும் சேர்க்க வேண்டும். அவர் முதல் படத்தைப் பாடசாலைப் பருவத்தில் பார்த்தவர். “மகள், அந்தப் படத்தில டி-ரெக்ஸ் வர ஒரு மணித்தியாலம் ஆகும். அது வர முதல் கோப்பையில ஈக்கிற தண்ணி அதிரும். அதுக்கே எங்களுக்கு நெஞ்சு படபடக்கும்” என்றார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் டைனோசர்கள் திரையில் தோன்றுவது மொத்தம் சுமார் 15 நிமிடங்கள்தான். புதிய படத்தில் அவை வந்துகொண்டே இருக்கின்றன. கூடக்கூட வந்தால் பயம் கூட வேண்டும், குறைகிறது.

எல்லோரும் ஒத்துக்கொண்ட காட்சி ஒன்றுதான். உயர்ந்த புல்வெளியில் நீண்ட கழுத்தும் சாட்டை போன்ற வாலும் கொண்ட டைட்டனோசரஸ் கூட்டம் நிற்கிறது. விஞ்ஞானி ஒருவர் கிட்டப் போய் அதன் காலைத் தொட்டுக் கண் கலங்குகிறார். அங்கு யாரும் யாரையும் துரத்தவில்லை.

அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தேன். அது ஹொலிவூட்டில் பிறந்ததல்ல. 1828இல் இந்தியாவின் ஜபல்பூரில் வில்லியம் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரிக்குக் கிடைத்த எலும்புகளை வைத்து, 1877இல் ரிச்சர்ட் லிடெக்கர் சூட்டிய பெயர் அது. தமிழ்நாட்டில் அரியலூருக்கு அருகே கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் புருகத்காயோசரஸ் என்று பெயரிட்டார்கள். பெரிய உடல் கொண்டது என்று பொருள். பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் அதுவும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் பின்னர் நொறுங்கி அழிந்துவிட்டன. எஞ்சியிருப்பவை படங்களும் அளவுகளும்தான். நமது நாட்டிலும் புத்தளம் மாவட்டத்தின் தப்போவைப் பகுதியில் ஜுராசிக் காலப் பாறைகளும் அவற்றில் தாவரச் சுவடுகளும் உண்டு. அந்தக் காலத்தில் இலங்கையும் இந்தியாவும் மடகஸ்கரும் அந்தாட்டிக்காவும் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தில் இருந்தன. ஆக, இது எங்கேயோ உள்ள ஊரின் கதையல்ல.

இனி என் கருத்து. என்னை இந்தப் படத்தில் பயமுறுத்தியது பல்லும் நகமும் அல்ல, தொடக்கத்தில் வரும் ஒரு சின்னக் காட்சி. நியூயோர்க் நகரில் நீண்ட கழுத்து டைனோசர் ஒன்று நோயுற்று வீதியோரம் விழுந்து கிடக்கிறது. அதனால் வாகன நெரிசல். காருக்குள் இருப்பவர்களுக்கு நேரம் போகிறதே என்ற எரிச்சல். யாரும் இறங்கி அதைப் பார்க்கவில்லை. இன்னொரு பக்கம் டைனோசர் நூதனசாலையில் பார்க்க ஆளில்லாமல் காட்சிப் பொருட்களைக் கழற்றுகிறார்கள். மனிதருக்குச் சலித்துவிட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்த ஒரு பிராணி கண்முன்னே சாகும்போதும் சலிப்பு!

இது கற்பனைதானே என்று விட முடியவில்லை. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி ஹபரணைக்கு அருகே பயணிகள் புகையிரதம் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. ஆறு யானைகள் இறந்தன. எங்கள் வேனில் ஒருவர் செய்தியை வாசித்து, “பயணிகளுக்கு ஒன்னுமில்லயாம்” என்றார். எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். அது சொல்ல வேண்டிய வார்த்தைதான். பிறகு, எந்தெந்தப் புகையிரதம் தாமதமாகும் என்ற பேச்சு வந்தது. அதோடு யானைகளின் கதை முடிந்தது. நியூயோர்க் காட்சியைப் பார்த்தபோது எனக்கு ஹபரணைதான் நினைவுக்கு வந்தது.

இதை வகுப்பில் சொன்னேன். கணிதப் பிரிவுத் தோழி உடனே மறுத்தாள். அவளுடைய மாமா அநுராதபுர மாவட்டத்தில் வயல் செய்பவர். “கொழும்புல ஈந்துட்டு யானைய ரசிக்கிறது லேசு. மாமாட வீட்டுச் சுவர ஒடச்சி நெல்லு மூட்டைய இழுத்தப்ப நீங்க அங்க ஈந்தீங்களா?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். நமது நாட்டில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகள் சாகின்றன, மனிதர்களும் நூற்றுக்கு மேல் சாகிறார்கள். பயிரைக் காக்க இரவெல்லாம் விழித்திருப்பவரிடம் யானையின் அழகைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அவள் சொன்னதையே மேலும் யோசித்தேன். அவளுடைய மாமாவுக்கு எந்த யானை எந்தப் பக்கத்தால் வரும் என்று தெரியும். தந்தம் உள்ளது எது, காலில் காயமுள்ளது எது என்று தெரியும். அவருக்குக் கோபம் இருக்கிறது, பயம் இருக்கிறது, சலிப்பு இல்லை. சலிப்பு தூரத்தில் இருப்பவர்களுக்கு வருவது. கைத்தொலைபேசியில் விரலால் தள்ளிவிட்டுப் போகிறவர்களுக்கு யானையும் ஒரு எண்ணிக்கை, விவசாயியும் ஒரு எண்ணிக்கை. இதைச் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. “அப்ப மாமாவப் பத்தியும் எழுது” என்றாள். எழுதிவிட்டேன்.

கலைப் பிரிவுத் தோழி இன்னும் ஒரு படி போனாள். “யான மட்டுமா? காஸாப் பிள்ளைகள்ட கணக்கும் இப்படித்தானே ஆகிட்டுது” என்றாள். ஆரம்பத்தில் ஒவ்வொரு படத்துக்கும் அழுத வீடுகளில் இப்போது செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாப்பாடு பரிமாறப்படுகிறது. இரக்கம் ஒரேயடியாகப் போவதில்லை. பழகிப் பழகித்தான் போகிறது. துஆவும் ஒரு நாள் பழக்கமாகிவிடக் கூடாது என்று அவள் சொன்னபோது மணி அடித்துவிட்டது. அன்று யாரும் அவசரப்பட்டு எழும்பவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் படம் பார்த்து நேரத்தை வீணாக்குகிறோம் என்று நீங்கள் கவலைப்படுவது நியாயமே. ஆனால் பார்த்த பிறகு இப்படிச் சண்டை பிடித்தால் அந்த நேரம் முழுவதும் வீணாகவில்லை.

எட்டாவது படம் வரும்போது இன்னும் பெரிய பிராணியைக் காட்டுவார்கள். அதற்கு முன் நாங்கள் ஐந்து பேரும் ஒரு காரியம் செய்யத் தீர்மானித்திருக்கிறோம். பரீட்சை முடிந்ததும், இன்ஷா அல்லாஹ், கொழும்பு நூதனசாலைக்குப் போவது. டைட்டனோசரஸுக்குப் பெயர் வைத்த அதே 1877இல் திறக்கப்பட்டது அது. கட்டியவர் நமது சமூகத்தின் வாப்புச்சி மரைக்கார். என்ன பரிசு வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடவேண்டும் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளிலிருந்து பி. ஈ. பி. தெரணியகல கண்டெடுத்து ஆராய்ந்த எச்சங்கள், ஒரு காலத்தில் இந்தத் தீவில் சிங்கமும் காண்டாமிருகமும் நீர்யானையும் வாழ்ந்ததைச் சொல்கின்றன. அவை போய்விட்டன. யானை இன்னும் போகவில்லை. சிறு வயதில் பாடசாலைச் சுற்றுலாவில் வரிசையாக ஓடிப்போய்ப் பார்த்த இடத்தை, இந்த முறை ஆறுதலாக நின்று பார்க்கப் போகிறோம். வரப்போவதில்லை என்று அடம்பிடித்த உயிரியல் தோழியும் இப்போது ஒத்துக்கொண்டுவிட்டாள். பெயர்ப் பலகைகளில் பிழை இருந்தால் கண்டுபிடிப்பது தன் பொறுப்பாம்.