பாலமும் ஸ்கூட்டியும்

பூநகரியில் பெண்களுக்குத் தூரமே பெரிய சுமை. ஆஸ்பத்திரி, பாடசாலை, சந்தை எல்லாம் எட்டியே இருக்கின்றன, பஸ்ஸோ குறைவு. 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின், பரந்தன், ஆனையிறவு என்று சுற்றாமல் யாழ்ப்பாணம் போகலாம். ஆனால் அதற்குச் சொந்த வாகனம் வேண்டும். குடும்பத்தைத் தனித்துச் சுமக்கும் சகோதரிகள் பலர் இன்று ஸ்கூட்டியை நாடுவது இதனால்தான்.

சைக்கிள் ஓடத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தையல்ல. கிளச்சும் கியரும் இல்லை. பிரேக் இரண்டும் கையில்தான். முதலில் வெறுந்தரையில் பழகுங்கள். மணல் ஒழுங்கையில் முன் பிரேக்கை இறுகப் பிடித்தால் சறுக்கும். பாலத்தில் சோளகக் காற்று பக்கவாட்டில் தள்ளும், வேகத்தைக் குறையுங்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். லைசன்சும் காப்புறுதியும் இல்லாமல் வீதியில் இறங்காதீர்கள்.

லீசிங்கில் எடுப்பவர்கள் மாத வருமானத்தையும் தவணையையும் முதலில் எழுதிப் பாருங்கள். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றபின் பழைய வண்டிகளும் விலையேறின. தவணை தவறினால் வண்டியும் போகும், கட்டிய காசும் போகும். விளங்காத பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். பிள்ளையைப் பின்னால் ஏற்றினால் அதற்கும் தலைக்கவசம் வாங்குங்கள்.