லாக்கை அழிக்கச் சொன்னார்கள்

கூலித் தகராறு என்று அலைகிற தோழர்களுக்கு இது தெரிந்த கதைதான். முன்பெல்லாம் மஸ்டர் ரோலைக் கொண்டு வா என்போம். வெட்டினது, திருத்தினது, மை மாறினது எல்லாம் அதில் கண்ணுக்குத் தெரியும். இப்போது ஒரு பிரிண்ட் அவுட்டை நீட்டி, "கம்ப்யூட்டர்ல இதான் இருக்குது" என்று முடித்துவிடுகிறார்கள். வெட்டினதும் திருத்தினதும் கம்ப்யூட்டருக்குள்ளும் ஓர் இடத்தில் கிடக்கிறது. அந்த இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எம்.ஏ. தமிழ் படித்தவன், பிழைப்புக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டர் ஆபீஸ். 2023 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை போன் வந்தது. வருகைப் பதிவு மென்பொருளில் எதைப் பதிந்தாலும் ஏறவில்லை. பழையதைப் பார்க்க முடிகிறது, புதிதாக எழுத முடியவில்லை. ஓ.டி. சீட்டுகளை டைப் அடிக்கிற பொண்ணு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சூப்பர்வைசர் எழுதிக் கொடுக்கிற துண்டுச் சீட்டுகள் அவை. பதிந்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். பதிந்தது போனால் அந்த வார ஓ.டி.க்கு உலகத்தில் வேறு சாட்சி கிடையாது.

திரையில் பிழை எண் 9002. லாக் நிறைந்துவிட்டது என்று பொருள்.

லாக் என்றால் என்ன? அங்கே இருந்தது எஸ்.க்யூ.எல். சர்வர். அதில் ஒரு டேட்டாபேஸுக்கு டேட்டா கோப்பு ஒன்று, லாக் கோப்பு ஒன்று. டேட்டா கோப்பில் இருப்பது இப்போதைய நிலை. லாக்கில் இருப்பது நடந்த வரிசை. நாலு மணிநேரம் என்று பதிந்து, பிறகு ஒன்று என்று மாற்றினால் டேட்டாவில் ஒன்றுதான் நிற்கும். லாக்கில் நாலும் இருக்கும், மாற்றினதும் இருக்கும். எந்த மாற்றமும் முதலில் லாக்கில் எழுதப்பட்டாக வேண்டும். நடுவில் கரண்ட் போனாலும் கணக்கு கெடாமல் இருப்பது அதனால்தான். ஏரீஸ் என்ற இந்த மீட்பு முறையை ஐ.பி.எம்.மில் இருந்த சி. மோகனும் கூட்டாளிகளும் 1992இல் விரிவாக எழுதினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர் அவர். (நம்ம விமர்சகர் சி. மோகன் வேறு.) எஸ்.க்யூ.எல். சர்வரும் அந்த வழியில்தான் நடக்கிறது.

டி டிரைவ் 100 ஜி.பி. டேட்டா 5 ஜி.பி.தான், லாக் 90க்கு வந்திருந்தது. ஏன் காலியாகவில்லை என்று சர்வரையே கேட்கலாம். சிஸ் டேட்டாபேஸஸ் என்ற பட்டியலில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. 'லாக் பேக்கப்' என்றது. அதாவது, லாக்கை யாராவது பேக்கப் எடுக்கட்டும், பிறகு இடத்தை விடுகிறேன் என்கிறது.

மேனேஜருக்கு ஆச்சரியம். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஃபுல் பேக்கப் எடுக்குதேப்பா?" எடுக்கிறதுதான். ஆனால் ஃபுல் பேக்கப் எத்தனை எடுத்தாலும் லாக் காலியாகாது. படித்த இஞ்சினியர்களே இதை நம்ப மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். ரெக்கவரி மாடல் 'ஃபுல்' என்று இருந்தால் லாக்கைத் தனியாகப் பேக்கப் எடுத்தே ஆக வேண்டும்.

லாக் பேக்கப்பும் மணிக்கொரு தடவை ஓடியிருந்தது. வரிசையாகப் பச்சை டிக். உள்ளே போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரிந்தது. ஏப்ரலில் மென்பொருளைப் புதுப்பித்தபோது எல்லாத் தகவலையும் வேறு பெயரில் ஒரு டேட்டாபேஸுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஞாயிறு பேக்கப்பில் 'எல்லா டேட்டாபேஸும்' என்று குறித்திருந்ததால் அது தப்பித்தது. லாக் பேக்கப்பில் பழைய பெயருக்கு மட்டும் குறி போட்டிருந்தது. செத்துப்போன டேட்டாபேஸின் லாக்கை நாலு மாசமாக மணிக்கொரு தடவை எடுத்து வைத்து, வெற்றி, வெற்றி என்று எழுதிக்கொண்டிருந்தது. வாராவாரம் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டுகிற வேலை வேறு. ஃபுல் மாடலில் அது முழுசும் லாக்கில் ஏறும். 90 ஜி.பி. வந்த வழி அது.

மென்பொருள் விற்றவர்களின் ஆள் போனில் சொன்னார்: "சிம்பிளுக்கு மாத்திட்டு ஷ்ரிங்க் அடிங்க சார். அஞ்சு நிமிஷ வேல." சிம்பிள் என்று மாற்றினால் லாக் தானே காலியாகும், டிஸ்க்கில் இடமும் வரும். ஆனால் சங்கிலி அறுந்துவிடும். பிறகு திரும்பிப் போக வேண்டுமென்றால் ஞாயிறு ராத்திரிக்குத்தான் போகலாம். திங்கள், செவ்வாய், புதன் என்று எந்த நாளுக்கும் வழி கிடையாது. லாக்கைச் சும்மா வெட்டி எறிகிற பழைய கட்டளையை 2008 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை.

முடியாது என்றேன். கடையிலிருந்து 1 டி.பி. வெளி டிஸ்க் ஒன்றைக் கொண்டுபோய் லாக்கை அதில் பேக்கப் எடுத்தேன். ரெண்டு மணிநேரத்துக்கு மேலே ஆனது. முடிந்த நிமிடம் பதிவு ஏறத் தொடங்கியது. கோப்பு அப்போதும் 90தான் காட்டும். உள்ளே காலி, வெளியே அதே அளவு. அதற்கப்புறம் ஷ்ரிங்க் போட்டு 8க்குக் கொண்டுவந்தேன். லாக் பேக்கப்பைப் புதிய பெயருக்கு மாற்றி, வேறு டிஸ்க்கில், கால் மணிக்கொரு தடவை என்று வைத்தேன்.

அடுத்த வாரம் ஓர் அக்கா ஆபீஸுக்கு வந்தார். பேக்கிங் பிரிவு. லாக் நிறைந்த அதே வாரத்துச் செவ்வாய் ராத்திரி ஓ.டி. நாலு மணிநேரம். கணக்கில் ஒன்று என்று இருக்கிறது. அப்போது நடப்பிலிருந்த 1948 தொழிற்சாலைச் சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டைக் கூலி. மூணு மணிநேரம் போனால் ஆறு மணிநேரக் கூலி போச்சு.

"நாலுன்னு அந்தப் பொண்ணு அடிச்சத நான் பாத்தேன் தம்பி."

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கம்ப்யூட்டர்ல இருக்கறதுதானே, எடுத்துக் காட்டுப்பா." அவர் வாயால் சொன்னது அது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

வேறொரு பழைய கணினியில் ஞாயிறு ஃபுல் பேக்கப்பை இறக்கினேன். லாக் கோப்பு அன்றைக்கிருந்த அளவிலேயே திரும்ப உருவாகும், அதற்கும் இடம் வேண்டும். இதற்கே ஒரு சாயங்காலம் போனது. பிறகு லாக் பேக்கப்பை இன்ன நேரம் வரைக்கும் என்று சொல்லி ஏற்ற வேண்டும். ஸ்டேண்ட்பை என்று வைத்தால் பார்த்துவிட்டு மேலும் நகரலாம். முன்னால் போகலாம், பின்னால் வர முடியாது. புதன் மாலை 5: நாலு. இரவு 8: நாலு. 8.10: நாலு. 8.20: ஒன்று.

அந்தப் பத்து நிமிடத்தில் பதினோரு பேருக்குக் குறைந்திருந்தது. அக்கா கேட்டது ஒருத்தருக்கு. யார் குறைத்தது என்று காட்ட முடியவில்லை. ஆபீஸில் எல்லாரும் மென்பொருள் வழியாக ஒரே லாகினில்தான் சர்வருக்குள் போகிறார்கள். அப்படி வைத்தால் யாருக்கு வசதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேனேஜர் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. செப்டம்பர் சம்பளத்தில் பதினோரு பேருக்கும் 'பாக்கி' என்று ஒரு தொகை சேர்ந்து வந்தது. வேறு பேச்சு இல்லை.

அந்த ஆபீஸில் பேக்கப் கோப்புகள் நாலு வாரம் ஆனதும் தானே அழிந்துபோகும்படி வைத்திருக்கிறார்கள். வேறு ஆபீஸ்களில் ஒரு வாரம், ரெண்டு வாரம் என்றும் பார்த்திருக்கிறேன். எனவே மனுவில் பிரிண்ட் அவுட் மட்டும் கேட்காதீர்கள் தோழர்களே. இன்ன தேதியிலிருந்து ஃபுல் பேக்கப்பையும் லாக் பேக்கப்பையும் அழிக்காமல் வைக்கச் சொல்லி முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.