பெயர் ஒன்று, கப்பல் இரண்டு

பழைய ஒளிப்படங்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கோயிற் சிற்பங்களின் படங்களைச் சேர்ப்பவரை உலகம் புரிந்துகொள்ளும். நாம் சேர்ப்பவையோ அமெரிக்கக் கடற்படையின் தொடக்ககால நாசகாரிக் கப்பல்களின் படங்கள். தமிழ் கற்பிக்கும் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவுவதுண்டு. நேரான விடை நம்மிடம் இல்லை. ஆனால் அப்படங்களுள் ஒன்று, நம் தொழிலின் அடிப்படைப் பாடம் ஒன்றை நமக்கே திருப்பிக் கற்பித்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் படங்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நீண்டு ஒடுங்கிய உடல், பெரும்பாலானவற்றில் வரிசையாக நான்கு புகைபோக்கிகள், பின்னே இழுபட்டுச் செல்லும் கரும்புகை. மேலே வானம் வெறும் வெண்மை. மேகமற்ற நாள்களில் மட்டுமே படமெடுத்தார்களோ என்று தொடக்கத்தில் மயங்கினோம். அக்காலக் கண்ணாடித் தகடுகளின் பூச்சு நீல ஒளியை மிகுதியாக வாங்கிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் நீலவானும் அதில் மிதந்த மேகமும் வேறுபாடின்றி ஒன்றாய் வெளுத்துப்போயின என்பதைப் பின்னரே அறிந்தோம். படம் பொய் சொல்வதில்லை என்பார்கள். பொய் சொல்லாது, சொல்லாமல் விடும்.

‘டார்பிடோப் படகு நாசகாரி’ என்பதே இக்கப்பல்களின் முழுப்பெயர். டார்பிடோவைச் சுமந்து விரையும் சிறுபடகுகள், மலைபோன்ற போர்க்கப்பல்களையும் வீழ்த்திவிடும் என்ற அச்சம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடற்படைகளைப் பிடித்து ஆட்டியது. அப்படகுகளைத் துரத்தி அழிக்கப் பிறந்தவை இவை. ஸ்பெயினோடு போர் மூண்ட 1898இல் அமெரிக்கா 16 நாசகாரிகளைக் கட்ட ஒப்புதல் அளித்தது. முதலாம் எண்ணைப் பெற்ற ‘பெயின்பிரிட்ஜ்’ 1902இல் பணியேற்றது. எடை ஏறத்தாழ 420 டன். 1909இல் வந்த ‘ஸ்மித்’ வகையில் நீராவிச் சுழலிகள் பொருத்தப்பட்டன. அதையடுத்த ‘பால்டிங்’ வகையில் நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடித்தது. 1913 முதல் கப்பல்களின் எடை ஆயிரம் டன்னைத் தொட்டது. படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி வைத்தால் பதினைந்தே ஆண்டுகளில் ஒரு குழந்தை வளர்ந்து ஆளாவதைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

ஆனால் கப்பலைப் பார்க்கும் கண்ணுக்கு மனிதர் தென்படுவதில்லை. மேல்தளத்தில் சில புள்ளிகள் தெரியும். உருப்பெருக்காடியை வைத்தால் அவை வெண்தொப்பி அணிந்த இளைஞர்களாக மாறும். கீழே கொதிகலன் அறையில் நிலக்கரியை வாரிப்போட்டவர்கள் எந்தப் படத்திலும் இல்லை. அவர்களின் உழைப்பு, புகையாக மட்டுமே படத்தில் பதிந்திருக்கிறது.

இக்கப்பல்களுக்குப் பெயரிட்ட முறை நம்மை மிகவும் ஈர்த்தது. மறைந்த கடற்படை வீரர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வீழ்ந்தவன் பெயரைக் கல்லில் பொறித்து நட்ட மரபில் வந்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. ஒரு வேறுபாடு உண்டு. நடுகல் நட்ட இடத்தில் நிற்கும். கப்பல் மூழ்கிவிடும். மூழ்கினால் அதே பெயரை மற்றொரு கப்பலுக்குச் சூட்டுவார்கள். நம் பிழை இவ்விடத்திலேதான் நேர்ந்தது.

சேர்த்த படங்களை அச்செடுத்து ஒரு பேரேட்டில் ஒட்டி, கீழே தமிழில் குறிப்பெழுதி வைப்பது நம் வழக்கம். அதில் ஒரு பக்கத்தில் ‘ஜேக்கப் ஜோன்ஸ்’ என்னும் கப்பலின் படம். கீழே நம் கையெழுத்தில், “1917 டிசம்பர் 6 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. இதில் சென்றவர்களுள் அறுபதுக்கும் மேற்பட்டோர் மீளவில்லை” என்று எழுதியிருந்தோம். அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, தளத்தில் தெரியும் புள்ளிகளைப் பார்த்து மனம் கனத்ததுண்டு. இப்படிச் சில ஆண்டுகள் சென்றன.

பின்னொருநாள் அதே பெயருடைய கப்பலின் 1916ஆம் ஆண்டுப் படமொன்று கிடைத்தது. இரண்டையும் அருகருகே வைத்தோம். புதிதாகக் கிடைத்த படத்தில் கப்பலின் முன்தளம் உயர்ந்திருந்து, பாதி வழிக்கு முன்பே ஒரு படி இறங்கியது. பேரேட்டிலிருந்த படத்தில் முன்னிருந்து பின்வரை ஒரே தளம். படி எதுவும் இல்லை. இரண்டுக்கும் நான்கு புகைபோக்கிகள், பெயரும் ஒன்று. அப்போதுதான் பேரேட்டுப் படத்தில் கப்பலின் முகப்பில் பெரிதாக எழுதியிருந்த 130 என்ற எண்ணைப் படித்தோம். அதுவரை அதைப் பார்த்திருந்தோம், படிக்கவில்லை. 1917இல் மூழ்கிய கப்பலின் எண் 61.

பெயர் ஒன்றாயிருப்பதாலேயே ஆள் ஒருவராகிவிட மாட்டார் என்பதை ஔவையாரைக் கொண்டு ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குபவர் நாம். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரையும் ஆத்திசூடி பாடியவரையும் ஒருவராக்கிவிடாதீர்கள். மொழியைப் பாருங்கள், காலத்தைப் பாருங்கள் என்று மாணவரை எச்சரித்த நாமே, ஒரு கப்பலின் மரணத்தை மற்றொரு கப்பலின் தலையில் எழுதி, பல ஆண்டுகள் தவறான கப்பலுக்கு வருந்தியிருந்தோம். நாணமாக இருந்தது. எனவே இரண்டு கப்பல்களின் வரலாற்றையும் முறையாகப் படித்தோம்.

பெயருக்குரிய ஜேக்கப் ஜோன்ஸ், 1768இல் டெலவேரில் பிறந்தவர். 1812ஆம் ஆண்டுப் போரில் ‘வாஸ்ப்’ என்ற கப்பலுக்குத் தலைமையேற்று ‘ஃப்ரோலிக்’ என்னும் பிரிட்டிஷ் கப்பலைக் கைப்பற்றியவர். அவர் பெயர்கொண்ட நாசகாரி 1917 டிசம்பரில் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து அயர்லாந்தின் குவீன்ஸ்டவுனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஹான்ஸ் ரோசே தலைமையிலான யு-53 ஏவிய டார்பிடோவை அது கண்டது, விலக முயன்றது, இயலவில்லை. எட்டே நிமிடங்களில் மூழ்கியது. நீர்மூழ்கிகளுக்கென்று வைத்திருந்த அதன் ஆழ்வெடிகுண்டுகள் கப்பல் அமிழ்ந்தபோது வெடித்து, நீரில் தத்தளித்த அதன் சொந்த மாலுமிகளையே கொன்றன. ஸ்டாண்டன் கால்க் என்னும் இளம் அதிகாரி, மிதவைகளில் பாரம் சமப்படும்படி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீந்தி ஆள்களை மாற்றி அமர்த்தி, குளிரிலும் களைப்பிலும் உயிர்நீத்தார். பகைவனான ரோசே, படுகாயமுற்ற இருவரைத் தன் நீர்மூழ்கியில் ஏற்றிக்கொண்டதோடு, மற்றவர்கள் மிதந்துகொண்டிருந்த இடத்தைக் குவீன்ஸ்டவுனுக்கு வானொலியில் அறிவித்தார். போர்க்காலத்தில் தம் இருப்பிடத்தைத் தாமே காட்டிக்கொடுக்கும் செயல் அது.

இரண்டாவது ‘ஜேக்கப் ஜோன்ஸ்’ 1919இல் பணியேற்றது. முதல் உலகப்போரையொட்டி அமெரிக்கா கட்டிய 273 சமதள நாசகாரிகளுள் ஒன்று. 1942 பிப்ரவரி 28 விடியலில் டெலவேர் விரிகுடா முகத்துக்கு அப்பால், பெயருக்குரியவரின் சொந்த மாநிலக் கரையோரத்தில், யு-578 ஏவிய டார்பிடோக்கள் அதன் முன்னையும் பின்னையும் பிளந்தன. அதிலும் ஆழ்வெடிகுண்டுகள் வெடித்து மிதவையிலிருந்தவர்களைக் கொன்றன. பிழைத்தவர் 11 பேர் மட்டுமே.

இதைப் படித்தபோது நம் நாணம் வேறொன்றாக மாறியது. தவறான கப்பலுக்கு வருந்தினோம் என்றல்லவா எண்ணியிருந்தோம்? அந்தப் படத்திலிருந்த கப்பலுக்கும் வருந்தக் காரணம் இருந்தது. அதன் துயரை அறியாமல், அதற்கு உரியதல்லாத துயரை அதன்மேல் ஏற்றியிருந்தோம். தளத்தில் தெரிந்த புள்ளிகளுக்கு அவர்களுடையதல்லாத ஒரு கதையைக் கொடுத்திருந்தோம். ஒருவர் பாட்டை மற்றொருவர் பெயரில் ஏற்றிச் சொல்லும்போது இருவருக்குமே அநீதி இழைக்கிறோம் என்று வகுப்பில் சொல்வதுண்டு. அதன் பொருள் அன்றுதான் நமக்கு உறைத்தது.

முதற்கப்பல் மூழ்கும் காட்சியே ஒளிப்படமாக எஞ்சியிருக்கிறது. வில்லியம் ஜி. எல்லிஸ் என்ற மாலுமி எடுத்தது என்கிறது அதன் குறிப்பு. மற்றப் படங்களில் கப்பல் பெரிது, மனிதன் புள்ளி. இப்படத்தில் கப்பல் அழிந்துகொண்டிருக்கிறது. பார்ப்பவன் ஒரு மனிதன் என்பது முதன்முறையாக நமக்குத் தெரிகிறது. அடுத்த கணம் யார் உயிரோடிருப்பார் என்று அறியாத வேளையில், யாரோ ஒருவர் இதைக் காட்டவேண்டும் என்று நினைத்திருக்கிறார். குறிப்பெழுதுபவருக்கு இருக்கும் பொறுப்பை இதைவிட வலுவாக யாரும் சொல்லிவிட முடியாது.

கால்க்கின் பெயரையும் பின்னர் ஒரு சமதள நாசகாரிக்குச் சூட்டினார்கள். அதன் படமும் நம் பேரேட்டில் இருக்கிறது. இம்முறை எண்ணைப் படித்த பிறகே ஒட்டினோம்: 170. கடலடியில் கிடந்த முதல் ‘ஜேக்கப் ஜோன்ஸை’ 2022 ஆகஸ்டில் பிரிட்டிஷ் முக்குளிப்போர், நூறு மீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் கண்டுபிடித்தனர். 2024இல் அதன் மணி மேலே கொண்டுவரப்பட்டது.

பேரேட்டிலிருந்த பழைய படத்தை நாம் கிழித்தெறியவில்லை. தவறான குறிப்பின்மேல் படிக்கும்படியாகவே ஒரு கோடிட்டு, அதன்கீழ் 130 என்ற எண்ணையும் 1942 பிப்ரவரி 28 என்ற நாளையும் எழுதினோம். பதிப்பாசிரியர்கள் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் விட்டுவைப்பார்கள் அல்லவா, அதுபோல. எதிர்ப்பக்கத்தில் எல்லிஸ் எடுத்த படம் இருக்கிறது. இப்போது அந்த இடத்தைப் புரட்டும்போது இரண்டு கணம் நிற்கவேண்டியிருக்கிறது.