கட்டத்துக்குள் வந்த பூ

போர்வை வடிவமைக்கும் எலக்ட்ரிக் குவில்ட் மென்பொருளைத் திறந்து, போர்வையின் அலகான புதுக் கட்டம் ஒன்றை வரைய உட்கார்ந்தால், முதலில் அதன் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துண்டுகளைச் சேர்த்துச் செய்கிற கட்டமா, மேலே வைத்துத் தைக்கிற கட்டமா? முதல் வகையில் இழுக்கும் ஒவ்வொரு கோடும் இன்னொரு கோட்டையோ கட்டத்தின் ஓரத்தையோ போய்த் தொட வேண்டும். நடுவழியில் நின்றுவிட்ட கோடு, வண்ணம் போடப் போகும்போது காணாமல் போயிருக்கும். இரண்டாம் வகையில் ஒவ்வொரு வடிவமும் தன்னளவில் மூடியிருந்தால் போதும். காம்பு, அதன் மேல் இலை, இலையின் மேல் பூ என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

துணியிலும் இதுதான் முறை. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஓட்டுத்தையலால் பிணைத்த போர்வையே குவில்ட். அதன் மேல்துணியைச் சிறு துண்டுகளை ஓரத்தோடு ஓரம் தைத்து உண்டாக்கினால் பீஸிங். முழுத்துணியின் மேல் வெட்டிய பூவை வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்தால் அப்ளிக்.

திரையில் குவில்ட் வடிவமைப்பது என் நெடுநாள் ஈடுபாடு. ஒரு கட்டத்தை வரைந்து, அதையே வரிசை வரிசையாக நிரப்பி, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பி வைத்ததும், அதுவரை எங்கும் இல்லாத ஒரு சக்கரமோ நட்சத்திரமோ கட்டங்கள் கூடும் மூலைகளில் எழுந்து நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த வியப்பு எனக்குத் தீரவில்லை. அதோடு சேர்ந்தே ஒரு கேள்வியும் வளர்ந்தது. ஒரு போர்வையைச் சதுரம் சதுரமாக யோசிக்க யார் தொடங்கினார்கள்? நேர்கோட்டுத் துண்டும் வளைகோட்டுப் பூவும் மென்பொருளின் ஒரே கட்ட நூலகத்தில் அருகருகே வந்து சேர்ந்தது எப்படி? அருங்காட்சியகங்களின் எண்ணிமச் சேகரிப்புகளும் குவில்ட் வரலாற்று நூல்களும்தான் என் வழித்துணை.

மென்பொருளின் பிறப்பு எளிதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பௌலிங் க்ரீன் என்றொரு பல்கலைக்கழக நகரம். டீன் நியூமன் அங்கே கணிதப் பேராசிரியர். அவர் மனைவி பென்னி மெக்மாரிஸ், 1981இலேயே பொதுத் தொலைக்காட்சியில் குவில்ட் பற்றித் தொடர் நிகழ்ச்சி நடத்தியவர். இருவரும் 1991இல் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். கணிதக்காரரின் கை பட்டிருப்பது வெட்டு அளவுகளில் தெரியும். தைத்த பிறகு 4 அங்குலம் நிற்க வேண்டிய சதுரத்தை இரண்டு முக்கோணங்களால் செய்வதென்றால் 4⅞ அங்குலச் சதுரத்தை வெட்டிக் குறுக்கே அறுக்க வேண்டும். நான்கு முக்கோணங்கள் என்றால் 5¼ அங்குலம். தையலுக்கு விடும் கால் அங்குலம், சாய்வான ஓரத்தில் கூடுதல் துணி கேட்கிறது. இந்தக் கணக்கை மென்பொருள் அட்டவணையாகவே அச்சிட்டுக் கொடுத்துவிடும்.

ஆனால் கட்டங்களை நியூமன் தம்பதியர் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தடம் கேன்சஸ் மாநிலத்தின் குவில்ட் வரலாற்றாசிரியர் பார்பரா பிராக்மனிடம் கொண்டுபோய் விட்டது. அச்சில் வந்த துண்டுக் கட்டங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, 1979 முதல் சிறு தொகுதிகளாக வெளியிட்டவர் அவர். 1993இல் எல்லாம் ஒரே கலைக்களஞ்சியமாயின. 4,000க்கும் மேற்பட்ட வடிவங்கள். அதைத்தான் நியூமன் தம்பதியரின் நிறுவனம் பிளாக்பேஸ் என்ற பெயரில் கணினிக்குக் கொண்டுவந்தது. பிராக்மன் கட்டங்களின் பெயரை நம்பி அவற்றை வரிசைப்படுத்தவில்லை. கட்டம் எத்தனை பகுதிகளாகப் பிரிகிறது என்பதைப் பார்த்து எண் கொடுத்தார். அது எவ்வளவு சரியான முடிவு என்பதற்கு ஒரே சான்று போதும்: ஒரு பகுதியில் கரடிப் பாதம் என்று அழைக்கப்பட்ட கட்டம், லாங் ஐலண்டில் சேற்றில் பதிந்த வாத்துக்கால், பிலடெல்பியாவின் குவேக்கர்களிடம் நட்பின் கை. ரூத் ஃபின்லி 1929இல் எழுதிய நூலிலேயே இது பதிவாகியிருக்கிறது.

பிராக்மனின் குறிப்புகள் வழியே பின்னோக்கிப் போனால் கண்ணில் படுபவை நாளிதழ்கள். கேன்சஸ் சிட்டி ஸ்டார் 1928 முதல் 1961 வரை கட்டங்களை வெளியிட்டுவந்தது. சிகாகோ ட்ரிப்யூனில் 1930களில் நான்சி கேபட் என்ற பெயரில் எழுதியவர் லொரெட்டா லைட்னர் ரைசிங். அதற்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், செயின்ட் லூயி நகரின் லேடீஸ் ஆர்ட் கம்பெனி அஞ்சலில் வடிவங்களை விற்றது. பாட்டிமார் கைவழி வந்தவை என்று பரவலாகச் சொல்லப்படும் கட்டங்களில் பல, இப்படி அச்சு இயந்திரத்தின் வழியாக வந்தவை. இதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது, ஒரு மூளையும் கையும் அதன் பின்னால் இருக்கின்றன என்பதுதான் இதிலிருந்து தெரிய வருவது.

சரி, கட்டம் என்ற எண்ணமே எப்போது வேரூன்றியது? அமெரிக்காவில் 1840கள் என்பதே கிடைத்த விடை. அதற்கு முந்தைய போர்வைகள் பலவும் நடுவில் ஒரு பெரிய உருவம், அதைச் சுற்றிச் சுற்றிக் கரைகள் என்று அமைந்தவை. அல்லது நெடுக ஒரே துணி. பஞ்சாலைகள் பெருகி அச்சிட்ட பருத்தித் துணி மலிவானதும் நிலைமை மாறியது. சதுரக் கட்டத்தை மடியில் வைத்தே தைத்துவிடலாம். வேலைகளுக்கு நடுவே எடுக்கலாம், வைக்கலாம், எடுத்துக்கொண்டு பயணம் போகலாம். பலர் ஆளுக்கொன்று தைத்து ஒன்றாக்கலாம். மேற்கே குடிபெயரும் தோழிக்கு ஊரே சேர்ந்து ஒரு போர்வை கொடுக்கலாம். துணியை அரிக்காத மையும் கிடைத்திருந்தது. தைத்தவர்கள் கட்டத்தின் நடுவே கையெழுத்திட்டார்கள். 1840களின் நடுவிலிருந்து சில ஆண்டுகள் பால்டிமோர் நகரில் உச்சம் தொட்ட ஆல்பம் குவில்ட்டுகள் இந்த வழக்கத்தின் பிள்ளைகள். பூக்கூடை, மலர் வளையம், கப்பல், நினைவுச் சின்னம் என்று ஒவ்வொரு சதுரமும் வேறு வேறு, பெரும்பாலும் அப்ளிக்.

என் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. பெரிய துணியில் தன் போக்கில் படர்ந்த அப்ளிக் பூ, சதுரத்துக்குள் வந்து, துண்டுக் கட்டத்துக்குச் சம அளவில் நின்றது இந்தக் காலத்தில்தான். தனித்தனியாகச் செய்து, திரும்பத் திரும்ப அடுக்கி, இடம் மாற்றிப் பார்க்கக்கூடிய ஒரு சதுரம். கணினிக்கு வேண்டியதும் அதேதான். நியூமன் எழுதத் தொடங்குவதற்கு 150 ஆண்டு முன்பே அவருடைய வேலையில் பாதியை மடியில் வைத்துத் தைத்த பெண்கள் முடித்திருந்தார்கள் என்பது என் கருத்து.

சதுரத்துக்குள் வருமுன் அந்தப் பூ எங்கே இருந்தது? இந்த இடத்தில் தேடல் கடல் தாண்டியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அமெரிக்க அட்லாண்டிக் கரையில், விலை உயர்ந்த சீட்டித் துணியிலிருந்து பூக்களையும் பறவைகளையும் வெட்டியெடுத்து வெள்ளைத் துணியில் இடம்விட்டுப் பதித்துத் தைத்தார்கள். சிறிதளவு சீட்டி ஒரு பெரிய கட்டிலை மூடும் விரிப்பாகிவிடும். அந்நாளில் அந்தத் துணியில் பெரும்பகுதி இங்கிலாந்தில் அச்சானது. ஆனால் அதில் பூத்து நின்ற மரத்தின் சாயல் இங்கிலாந்தினுடையது அல்ல. மசூலிப்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரையிலான சோழமண்டலக் கரையில் கையால் வண்ணம் எழுதப்பட்ட படுக்கை விரிப்புகளின் மரம் அது. இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் லெவன்ஸ் ஹால் மாளிகையில் 1708ஐ ஒட்டித் தைத்ததாகக் கருதப்படும் துண்டுப் போர்வை இருக்கிறது. அதன் துண்டுகளும் இந்தியச் சீட்டி.

அந்தப் பூ துணியில் ஏறிய விதத்தைப் படித்தபோது மலைத்துப்போனேன். கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார் 1742இல் எழுதிய கடிதம் இதற்கு ஒரு முதன்மைச் சான்று. துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்ப்பார்கள். துளையிட்ட காகிதத்தின் மேல் கரித்தூளைத் தட்டிக் கோடுகளை இறக்குவார்கள். கருங்கோட்டுக்கு இரும்பு ஊறிய நீர், சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர். பிறகு சாயவேர் கொதிக்கும் பாத்திரத்தில் முழுத்துணியும் இறங்கும். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்ற இடத்தை அலசி வெயிலில் வெளுப்பார்கள். அடுத்து, நீலம் வேண்டிய இடம் தவிர எல்லாவற்றையும் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். கடைசியாக மஞ்சள், நீலத்தின் மேல் மஞ்சள் பட்டால் பச்சை. அந்த மஞ்சள் நாளடைவில் மங்கிவிடும் என்பதால்தான் அருங்காட்சியகங்களில் பல விரிப்புகளின் இலைகள் இன்று நீலமாக நிற்கின்றன.

இந்தத் துணிக்கு அஞ்சி பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. 1759 வரை நீக்கவில்லை. இங்கிலாந்தும் அதைத் தடுக்க 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றியது. அதே நேரம், பூவை முழுக்க நமதென்று சொந்தம் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. 1643இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதிய கடிதத்தில், எழுதிய குவில்ட்டுகளைக் கருஞ்சிவப்புத் தளத்தில் அனுப்ப வேண்டாம், வெள்ளை அதிகம் இருக்கட்டும், நடுவில் பூவும் கொடியும் வரைபவரின் விருப்பப்படி வரட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வாங்குபவரின் ஆசையும் எழுதுபவரின் கையும் கூடிப் பிறந்தது அந்தப் பூ. கேட்டவர்களின் கடிதம் பாதுகாப்பாக இருக்கிறது. எழுதிய கையின் பெயர் துணியில் இல்லை.

இங்கே ஹாரியட் பவர்ஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளை 11 சித்திரங்களாக அப்ளிக்கில் தைத்த அவருடைய போர்வை, 1886இல் ஒரு கண்காட்சியில் இடம்பெற்றது. பின்னர் வறுமையில் அதை 5 டாலருக்கு விற்றார். விற்கும்போது ஒவ்வொரு சித்திரத்தையும் அவர் விளக்கினார்; வாங்கிய ஜென்னி ஸ்மித் அதை எழுதி வைத்தார். போர்வை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, தைத்தவரின் விளக்கத்தோடு.

எலக்ட்ரிக் குவில்ட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறிப்பட்டை உண்டு. பெயர், எங்கிருந்து எடுத்தது என்று எழுத அதில் இடம் இருக்கிறது. திரையில் குவில்ட் வடிவமைக்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அந்த அட்டையை நிரப்புங்கள். கட்டம் பழையதென்றால் எந்த இதழ், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். பூவைப் பழைய விரிப்பிலிருந்து வரைந்திருந்தால் எந்த அருங்காட்சியகம், எந்தக் கரை என்று எழுதுங்கள். நீங்களே வரைந்ததென்றால் உங்கள் பெயரையும் தேதியையும் தயங்காமல் எழுதுங்கள்.