மொட்டை மாடிச் சாவி

சில வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் 13ஆம் தேதி இரவு, விடுதி மாணவி ஒருத்தி என் அறைக் கதவைத் தட்டினாள். இயற்பியல் இரண்டாம் ஆண்டு. என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்தவள்.

"அம்மா, இன்னிக்கு ஜெமினிட் விண்கல் பொழிவு. நடுராத்திரிக்கு மேல நல்லாத் தெரியும். மாடிச் சாவி குடுங்கம்மா, நாலு பேர்தான் போறோம்."

நான் அப்போது துணைக் காப்பாளர். சாவி என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? போய்ப் படு" என்றேன். அவள் வாதாடவில்லை. போய்விட்டாள்.

பெண்ணுக்கு மறுக்கப்படும் இரவைப் பற்றிக் கவிதை எழுதுகிறவள் நான். அன்றைய இரவைப் பூட்டியவளும் நான்தான்.

அவள் இப்போது வானியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். சென்ற ஆண்டு ஒருநாள் விடியற்காலையில் அழைத்தாள். "இனிமேதான் தூங்கணும்மா. அதுக்கு முன்னாடி உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு" என்றாள். பெங்களூருக்குப் பக்கத்தில் உள்ள ஹொசக்கோட்டையில் ஓர் அறையில் உட்கார்ந்து, லடாக்கின் ஹன்லேயில் இருக்கும் இமாலயச் சந்திரா தொலைநோக்கியை இரவு முழுக்க இயக்கியிருக்கிறாள்.

எப்படி என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். பார்க்க வேண்டிய விண்மீனின் ஆயங்களைக் கணினியில் கொடுக்க வேண்டும். கட்டளை செயற்கைக்கோள் வழியாக இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போகும். அங்கே 2 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி அந்தத் திசைக்குத் திரும்பும்; குவிமாடத்தின் திறப்பும் கூடவே நகரும். பூமி சுழல்வதால் விண்மீன் நழுவிப் போகாமல் இருக்க, பக்கத்தில் இன்னொரு விண்மீனைப் பிடித்துவைத்து, அதைப் பார்த்துப் பார்த்து மென்பொருள் தொலைநோக்கியைச் சரிசெய்துகொண்டே இருக்கும். ஈரப்பதமோ காற்றோ எல்லை மீறினால் குவிமாடத்தை மூடிவிட வேண்டும். "பாதி ராத்திரி அந்த ஈரப்பத எண்ணையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்மா" என்று சிரித்தாள்.

ஹன்லே 4500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சு வாங்கும், குளிர்காலத்தில் எலும்பு வரை உறையும். அங்கே இருந்து கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு ஆய்வாளரும் மலையேற வேண்டாம் என்றுதான் இந்த ஏற்பாடு. பெண்களால் மலையேற முடியாது என்பதற்காகச் செய்ததல்ல இது. அந்தத் தொலைநோக்கி வசதியை வடிவமைத்து நிறுவும் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவரே ஜி.சி. அனுபமா என்ற பெண் வானியலாளர்தான்.

இதைக் கேட்டபோது எனக்கு அமெரிக்காவின் இரண்டு மலைகள் நினைவுக்கு வந்தன. 1950களில் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் பெண்கள் தம் பெயரில் தொலைநோக்கி நேரம் பெற முடியாது. மார்கரெட் பர்பிட்ஜ் தேர்ந்த வானோக்கர். அவர் கணவர் ஜெஃப்ரி கோட்பாட்டாளர். நேரம் கணவருக்குக் கொடுக்கப்பட்டது. மனைவி அவருடைய உதவியாளர் என்ற பெயரில் மலையேறி, அவரே விண்மீன்களை ஆராய்ந்தார். ஆய்வாளர்கள் தங்கும் விடுதிக்கு அங்கே 'மடாலயம்' என்றே பெயர். அதில் அவருக்கு இடமில்லை.

பாலோமர் மலையில் சொல்லப்பட்ட காரணம், பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது. 1965இல் முறையான அனுமதியோடு அங்கே போன முதல் பெண் வேரா ரூபின். கழிப்பறைக் கதவில் இருந்த ஆண் உருவத்துக்குக் காகிதத்தில் பாவாடை வெட்டி ஒட்டிவிட்டு, "இதோ, இப்போது பெண்கள் கழிப்பறை இருக்கிறது" என்ற பொருளில் சொன்னாராம். இன்று சிலியில் 8.4 மீட்டர் கண்ணாடியோடு நிற்கும் ஆய்வகத்துக்கு அவர் பெயர்தான்.

நாடும் காலமும் வேறுதான். ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எல்லோருக்கும் மூச்சு முட்டும் இடமென்றால் வானத்தில் செயற்கைக்கோள் வழியாகப் பாதை போடுகிறார்கள். பெண்ணுக்கு மட்டும் முட்டுகிற இடமென்றால் ஒரு கழிப்பறை கட்ட மனம் வருவதில்லை. கதவைச் சாத்துவது சுலபமாக இருக்கிறது.

நான் செய்ததும் அதுதானே? மாடியில் விளக்கு இல்லை, கைப்பிடிச் சுவர் தாழ்வு. விளக்குப் போடச் சொல்லி ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். பூட்டு ஏற்கெனவே இருந்ததால் அது தோன்றவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தொலைநோக்கியைத் திருப்பக்கூடிய பெண்ணுக்கு, அன்று தன் அறைக்கு மேலே முப்பது படி ஏற வழியில்லை. எந்த மென்பொருளாலும் திறக்க முடியாத பூட்டு அது. அதன் சாவி மனிதர்களிடம் இருக்கிறது. அன்று என்னிடம் இருந்தது.

அழைப்பை முடிக்கும் முன் அவள் இன்னொன்றும் சொன்னாள். வானியல் படங்களைச் சேமிக்கும் ஃபிட்ஸ் என்ற கோப்பு வடிவத்தில், படத்துக்கு முன்னால் ஒரு குறிப்புப் பகுதி உண்டாம். எந்தத் தொலைநோக்கி, எந்த நாள், எவ்வளவு நேரம் ஒளி வாங்கியது என்று அதில் வரிசையாகப் பதியலாம். 'அப்சர்வர்' என்றும் ஓர் இடம் உண்டு. பார்த்தவர் யார்? "அதுல என் பேரைப் போட்டேன்மா." மார்கரெட்டின் இரவுகள் கணவர் பெயரில் ஒதுக்கப்பட்டதை நான் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அந்த டிசம்பர் இரவுக்காக மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் மறந்துட்டேன்மா" என்றாள். மறந்திருக்க மாட்டாள்.

இப்போது நான் துணைக் காப்பாளர் இல்லை. சென்ற டிசம்பரில் பொறுப்பில் இருந்தவரிடம் எழுதிக் கொடுத்து, நானும் கூடவே இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கினேன். பதினேழு பெண்கள் வந்தார்கள். பதிவேட்டில் ஒருத்தி எல்லோருக்குமாகச் சேர்த்து "மாணவிகள் - 17" என்று எழுதப் போனாள். வேண்டாம், அவரவர் பெயரை அவரவர் எழுதுங்கள் என்றேன்.

காரணம் என்ற கட்டத்தில் எல்லோரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: வானம் பார்க்க.