ரேஞ்சர் என்றொரு சொல்

டெக்ஸ் வில்லரின் சாகசத்தை முதன்முதலில் படித்தபோது, தொப்பியும் குதிரையும் கண்ணெதிரே இருந்தும், அவரை அரூர்ப் பக்கத்து அதிகாரி என்றே நாம் நினைத்துக்கொண்டோம். காரணம் ஒரே ஒரு சொல். லயன் காமிக்ஸின் பக்கங்களில் அவர் ‘ரேஞ்சர்’ என்று அழைக்கப்பட்டார். தருமபுரி மாவட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு ரேஞ்சர் என்றால் வனச்சரகர். காக்கி உடுப்பு, ஜீப்பு, விறகுக் கட்டோடு இறங்கி வரும் பெண்களை வழிமறித்து நிறுத்தும் அதிகாரம். டெக்சாஸில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டென்பது கல்லூரிக்கு வந்த பிறகே தெரிந்தது.

நமக்கு அந்தப் புத்தகங்களை வாங்கித் தந்தவர் தாய்மாமன். அவரும் வனத்துறைக்காரர்தாம், ரேஞ்சர் அல்லர், அவருக்குப் பல படிகள் கீழே நிற்கும் காவலர். சம்பளம் வாங்கிய மறுநாள் பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கும் காமிக்ஸ்களில் இரண்டை உருவிக்கொண்டு வருவார். முதலில் அவர் படிப்பார். பிறகே நம் கைக்கு வரும்.

அந்நாளைய வாசகனின் குழப்பம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1936இல் லீ ஃபாக் படைத்த ஃபேண்டம், சிவகாசி முத்து காமிக்ஸில் வேதாளர். ராணி காமிக்ஸில் மாயாவி. முத்து காமிக்ஸோ 1972இல் தன் முதல் இதழையே இரும்புக்கை மாயாவியைக் கொண்டு தொடங்கியிருந்தது. அவர் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் 1962இல் பிறந்த லூயி கிராண்டேல்; உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார், இரும்புக் கை மட்டும் தெரியும். ஆக ஒரு மாயாவி கண்ணுக்கே தெரியமாட்டார். இன்னொருவர் நன்றாகவே தெரிவார், பெயர் மட்டும் மாயாவி. யார் அசல் என்பதில் பள்ளிக்கூடத்தில் அடிதடி வரை போயிருக்கிறோம். நாம் இரும்புக்கைக் கட்சி.

முதுகலைத் தமிழ் படித்த காலத்தில் இந்த வாசிப்பை விடுதி நண்பர்களிடமும் மறைத்தோம். சங்க இலக்கியம் படிப்பவன் பெட்டியில் பொம்மைப் புத்தகமா என்ற கேள்விக்கு அஞ்சினோம். இப்போது அந்த வெட்கம் இல்லை. நவஹோ மக்கள் டெக்ஸுக்கு இட்ட பெயரை லயன் காமிக்ஸ் ‘இரவுக் கழுகார்’ என்று தந்தது. கழுகு என்றே நிறுத்தியிருக்கலாம். ஔவையாருக்கும் நக்கீரனாருக்கும் வரும் ‘ஆர்’ விகுதியை ஒரு குதிரைவீரனுக்குப் போடத் துணிந்தவருக்குத் தமிழ் மரபு காதில் ஒலித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தும்போது இந்த ஒரு விகுதிக்காக அரை மணி நேரம் செலவிடுவது நம் வழக்கம்.

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் நிற்கின்றன. வில்லோ வாளோ ஏந்திய வீரன் ஒருவன். அவனைப் பற்றிச் சில வரி எழுத்து. படமும் எழுத்துமாக ஒரே கட்டத்தில் முடிந்துவிடும் கதை. மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் இதுவே நம் மாவட்டத்தின் முதல் காமிக்ஸ் என்போம். உடன் வந்த ஆசிரியர்கள் முகம் சுளித்ததும் உண்டு. வேறுபாடு இருக்கிறது. கல்லில் நிற்பவன் செத்துப்போனவன். ஆநிரை கவரப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு. மீட்கப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு. காமிக்ஸ் நாயகனோ சாவதில்லை. எந்தப் பக்கம் நிற்பது என்ற ஐயமும் பெரும்பாலும் அவனுக்கு எழுவதில்லை.

டெக்ஸ் அதில் ஓரளவு விலக்கு. 1948இல் இத்தாலியில் போனெல்லியும் கலெப்பினியும் உருவாக்கிய இந்த மனிதர் அரசின் ரேஞ்சர். அதே வேளையில் நவஹோ மக்களின் தலைவர். அவர்களுள் ஒரு பெண்ணை மணந்தவர். பழங்குடிக்கு அநீதி என்றால் பட்டாளத்தையும் எதிர்ப்பார். பதினொரு வயதில் நாம் அவரிடம் மயங்கியது இந்த அறத்துக்காகவே என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் மயங்கியது துப்பாக்கிக்குத்தான்.

அந்தப் பதினொன்றாம் வயதில்தான் வாச்சாத்தி நடந்தது. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து சித்தேரி மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். செய்தி வெளியே வரவே சில வாரங்கள் ஆயின. வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளின் எதிரே பேசவில்லை. ஆனால் பேசாத பேச்சுதான் பிள்ளைகளின் காதில் முதலில் விழுகிறது. மாமா வந்தபோது, “ரேஞ்சர் அங்க இருந்தாரா மாமா?” என்று கேட்டோம். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அது நம்ம ரேஞ்சு இல்ல கண்ணு.”

அந்த மாதம் காமிக்ஸ் வரவில்லை. அடுத்த மாதம் வந்தது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். 2023இல், அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அந்த வழக்கை இழுத்துச் சென்றவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தாரும், வழக்கறிஞர்களும், மறுபடி மறுபடி நீதிமன்றப் படியேறிய அந்த ஊர்ப் பெண்களும். குகையிலிருந்து எந்த மாயாவியும் வரவில்லை.

திரைப்படங்கள் பற்றிய நம் கருத்துகள் இங்கிருந்தே கிளம்புகின்றன; அதனால் அவை நியாயமற்றவையாகவும் இருக்கலாம். மிஷ்கினின் ‘முகமூடி’ 2012இல் வந்தபோது முதல் வாரமே ஓடிப்போய்ப் பார்த்தோம். உடை கச்சிதம், சண்டை கச்சிதம். ஆனால் நாயகன் துரத்துவது வீடு புகுந்து கொள்ளையடிக்கும் கூட்டத்தை. அதற்குக் காவல் நிலையம் போதாதா? சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) வேறு வகை. ஜெய்சங்கரை வைத்துக் கர்ணன் எடுத்த ‘கங்கா’ முதலான கௌபாய் படங்களுக்கும் நம் காமிக்ஸ் பக்கங்களுக்கும் சேர்த்து வைத்த கும்பிடு. இருமுறை பார்த்துச் சிரித்தோம்.

நம் கணக்கில் தமிழின் உண்மையான காமிக்ஸ் படம் மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ (2023). நாயகன் செய்தித்தாளுக்குப் படக்கதை வரைபவன், சரியான பயந்தாங்கொள்ளி. அவனுக்கு எதிரே நிற்பது குடிசைவாசிகளுக்கு உதிர்ந்து விழும் அடுக்குமாடி கட்டித் தந்த அதிகாரம். வீரம் அவன் காதில் ஒரு குரலாக ஒலித்து அவனைத் துன்புறுத்துகிறது. அந்தக் குரலோடு அவன் சண்டை போடும் காட்சிகளில் நாம் நம் மாமாவை நினைத்துக்கொண்டோம். (படத்தின் வில்லன் அமைச்சர், முகமூடி எடுத்த அதே மிஷ்கின். விதி சிலசமயம் நல்ல விமர்சகர்.)

அதே ஆண்டு வந்த வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகத்தைத்தான் மாமாவோடு சேர்ந்து பார்த்தோம். ஜெயமோகனின் ‘துணைவன்’ கதையை அடிப்படையாகக் கொண்டது. மலை முகாமுக்குப் புதிதாக வந்த ஓட்டுநர்க் காவலரின் கதை. ஊர்ப் பெண்களைப் பிடித்து வந்து அடைத்து வைத்துக் கொடுமை செய்யும் காட்சி வந்தபோது, அரங்கில் விசிலடித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போயிற்று. மாமா பக்கம் திரும்பிப் பார்க்க நமக்குத் துணிவில்லை. வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது அவரே சொன்னார்:

“அந்த டிரைவர் பையன் அன்னைக்கு லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருக்கலாம்.”

1992 ஜூனில் அவர் எங்கே பணியில் இருந்தார் என்று நாம் ஒருபோதும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, புது டெக்ஸ் வந்துவிட்டதா என்று விசாரித்தார். வந்துவிட்டது, வண்ணத்தில், தடிமனாக, என்றோம். எழுத்து பெரிதாக இருக்குமா என்று கேட்டார்.