மூணாவது குஞ்சு என்ன ஆச்சு, மாமா?

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு இங்கிலீஷ் பாடப்புத்தகம். 'சி ஃபார் கிரேன்' என்று போட்டு, சாம்பல் உடம்பும் சிவப்புத் தலையுமாக ஒரு நெட்டைப் பறவையின் படம்.

"தப்பா போட்டிருக்கான்" என்றான் அக்காவின் கடைக்குட்டி. வயசு ஆறு. "கிரேன்னா இரும்புல இருக்கும். கவுந்த வேகனைத் தூக்கும்."

பையனைக் குற்றம் சொல்ல முடியாது. பிறந்தது அரக்கோணத்தில். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியபோதே தண்டவாளம் பார்த்துவிட்ட ஊர். லோகோ ஷெட், ஒர்க்ஷாப், நாலு திசைக்கும் பிரிகிற பாதைகள்... எங்கள் ஊர்க் குழந்தைகள் 'அம்மா', 'அப்பா'வுக்கு அடுத்தபடி கற்றுக்கொள்ளும் வார்த்தை 'ஃபாஸ்ட் லோக்கல்'. அந்த வண்டியில்தான் அப்பாக்கள் விடியற்காலையில் மெட்ராஸுக்குப் போய், பிள்ளைகள் தூங்கினபிறகு வருகிறார்கள்.

"அது கொக்குடா" என்றார் என் அம்மா, அடுப்படியிலிருந்து.

"கொக்கு வெள்ளையா இருக்கும் பாட்டி. இது அழுக்கா இருக்கு" என்றான் நடுவன்.

ஏழாம் கிளாஸ் படிக்கும் மூத்தவள்தான் வழக்கை முடித்தாள். "மாமாவைக் கேளுங்க. அவர் சும்மாதானே இருக்காரு."

பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பதை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். நான் பி.காம். பறவைக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், சின்ன வயசில் அதைப் பார்த்து விரலை ஆட்டி நகத்தில் வெள்ளைப் புள்ளி கேட்டதோடு சரி. அப்புறம் வேதாந்தாங்கலில் ஒரு நாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனாலும் தீர்ப்பு சொன்னேன். படத்தில் இருப்பது சாரஸ். பறக்கிற பறவைகளிலேயே உயரமானது, கிட்டத்தட்ட ஆள் உயரம். உத்தரப் பிரதேச வயல்களில் ஜோடி ஜோடியாகத் திரியும். மரத்தில் உட்காராது, ஈர நிலத்தில் கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டே முட்டை இடும். அதன் நீளக் கழுத்தைப் பார்த்துத்தான் பாரம் தூக்குகிற யந்திரத்துக்கு வெள்ளைக்காரன் அந்தப் பேரை வைத்தான். ஆகவே கடைக்குட்டி சொன்னதும் சரி. அம்மா சொன்னது முக்கால் சரி. நம் வெள்ளைக் கொக்கு அதற்குச் சொந்தமில்லை, வேறு குடும்பம். எப்படிக் கண்டுபிடிப்பது? சாரஸ் கழுத்தை நேராக நீட்டிக்கொண்டு பறக்கும். நம்மூர்க் கொக்கு கழுத்தை மடித்துத் தோளுக்குள் செருகிக்கொண்டு பறக்கும்.

"காட்டு" என்றான் கடைக்குட்டி.

ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை. புளிச்சோறு மூட்டையோடு காட்பாடி போகிற மெமுவில் ஏறினோம். சித்தேரிக்கு அடுத்து மகேந்திரவாடி. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. டிரைவர் கேட்டார்: "இன்னா சார், கோயிலுக்கா?"

"கொக்கு பாக்க" என்றான் நடுவன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஊரில் ஒற்றைப் பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் செய்த விஷ்ணு கோயில் இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டுச் சமாசாரம். அங்குள்ள கல்வெட்டே 'மகேந்திர தடாகத்தின் கரையில்' என்று விலாசம் சொல்கிறது. கோயிலுக்கு ஏரி அடையாளமாக இருந்திருக்கிறது! மாமல்லபுரத்துக்கு பஸ் பஸ்ஸாகப் போகிறவர்கள் இங்கே வருவதில்லை. நாங்களும் பாறையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிவிட்டுக் கரை ஏறிவிட்டோம். பசங்களுக்குக் கொக்குதான் குறி.

ஏமாற்றவில்லை. கரைக்குக் கீழே டிராக்டர் உழுதுகொண்டிருக்க, அதன் வாலைப் பிடித்த மாதிரி முப்பது, நாற்பது வெள்ளைக் கொக்குகள். மண் புரளப் புரள வெளியே வரும் பூச்சியை லபக் லபக் என்று தின்றுகொண்டு நடந்தன. இதுதான் உண்ணிக்கொக்கு. முன்பெல்லாம் எருமை முதுகில் சவாரி செய்யும். எருமை குறைந்தது, டிராக்டர் வந்தது. கொக்கு ஒரு மெமோ கூட இல்லாமல் டிபார்ட்மென்ட் மாறிக்கொண்டது. இதன் ஆப்பிரிக்கப் பங்காளி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அட்லாண்டிக்கைத் தாண்டி தென் அமெரிக்காவில் குடியேறி, அடுத்த நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவுக்கே போய்விட்டது. விசாவுக்கு வரிசையில் நிற்கிற நம் பையன்கள் கேட்டால் வயிறு எரிவார்கள்.

டிராக்டர் திரும்பியதும் எல்லாம் எழும்பின. "கழுத்து மடிச்சிருக்கு! கழுத்து மடிச்சிருக்கு!" என்று கடைக்குட்டி கத்தினான். அதே சமயம் தலைக்கு மேலே கடற்படை விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. எங்கள் ஊர்க் கடற்படை விமான தளத்துக்கு 1992-ல் 'ராஜாளி' என்று பேர் வைத்தார்கள். அங்குள்ள படைப்பிரிவு ஒன்றின் பேர் 'அல்பட்ராஸ்', அதுவும் பறவைதான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நாலு என்ஜின் ரஷ்ய விமானம் ஒன்று பறந்தால் வீட்டு ஜன்னல் கிடுகிடுக்கும். 2017-ல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பறவைப் பேராக வைக்கிறார்களே தவிர, ரன்வே பக்கம் நிஜப் பறவை வந்தால் உலகத்தில் எந்த விமான தளத்துக்கும் பிடிக்காது.

மதகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தோம். "கொக்கு தலையில வெண்ணெய் வெச்சு, அது உருகி கண்ணை மறைச்சதும் புடிக்கலாமாமே?" என்றான் நடுவன். "வெண்ணெய் வைக்கிற அளவுக்குக் கிட்ட போனவன், அப்பவே புடிச்சிருக்கலாமேடா" என்றேன். மூத்தவள் சிரித்துவிட்டு, "கதையைச் சொல்லுங்க மாமா, முட்டையிலேர்ந்து" என்றாள்.

சொன்னேன். கல்யாண சீசனில் உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் முதுகும் காவி நிறமாகிவிடும். ஆண் கொக்கு குச்சி பொறுக்கிக்கொண்டு வரும், பெண் கட்டும். பக்கத்துக் கூட்டில் ஆள் இல்லையென்றால் அங்கிருந்தே குச்சியை உருவிக்கொண்டு வருவதும் உண்டு. ("நம்ம எதிர் வீட்டு..." என்று ஆரம்பித்த நடுவன் வாயை மூத்தவள் பொத்தினாள்.) ஒரே மரத்தில் நூறு குடும்பம் இருந்தாலும் இருக்கும், ஹவுசிங் போர்டு மாதிரி. வெளிர் நீலத்தில் மூன்று, நாலு முட்டை. அப்பா, அம்மா இரண்டும் ஷிஃப்ட் போட்டு அடைகாக்கும். இருபத்துநாலு நாள் வாக்கில் பொரியும். தின்றதைக் கக்கித்தான் ஊட்டும். இரண்டு, மூன்று வாரத்தில் குஞ்சு கிளை கிளையாகத் தொற்றி ஏறும். ஒரு மாதத்தில் பறந்துவிடும். அது பெரிதாகிக் கூடு கட்ட இரண்டு, மூன்று வருஷம்.

தண்ணீர் ஓரமாக ஒரு சின்னக் கொக்கு தனியாக நின்றது. கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள். பாதத்தால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பியது. அதற்குக் கல்யாண சீசனில் முதுகில் சல்லா மாதிரி மெல்லிய இறகு வரும். அது போதும், என் காமர்ஸ் மூளை விழித்துக்கொண்டது. நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பா, அமெரிக்கா சீமாட்டிகள் தொப்பியில் செருகிக்கொள்ள அந்த இறகுதான் வேண்டும். எடைக்கு எடை தங்கத்தைவிட விலை! அந்த இறகு இருப்பதோ கூட்டில் குஞ்சு இருக்கிற மாதங்களில். தாயைச் சுட்டு இறகைப் பிடுங்கிக்கொண்டு போனால், குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினி. இங்கிலாந்தில் 1889-ல் பெண்களே கூடி இதற்கு எதிராகச் சங்கம் ஆரம்பித்தார்கள். இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி 1902-ல் தடையானது.

குழந்தைகளிடம் அவ்வளவு தூரம் போயிருக்கக் கூடாது. கடைக்குட்டி புளிச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"இப்ப சுட மாட்டாங்கல்ல? அப்ப மூணு குஞ்சும் பறந்துடும்ல?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

வேதாந்தாங்கல் ஞாபகம் வந்தது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து பஸ். வெறும் முப்பது ஹெக்டேர் ஏரி. பறவைகளைக் காப்பாற்றுகிற உரிமையை 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுதி வாங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே டெலஸ்கோப்பில் ஒரு கொக்குக் கூட்டைப் பார்த்தேன். மூன்று குஞ்சு. தாய் வந்து இறங்கியதும் பெரியது இரண்டும் கழுத்தை நீட்டி அலகைக் கவ்வின. சின்னது எழுந்தபோதெல்லாம் அதன் தலையில் கொத்தின. தாய் தடுக்கவில்லை. எந்தக் கழுத்து உயரமோ அதற்குத்தான் சோறு.

காரணம் எளிது. முதல் முட்டை இட்டதுமே அடைகாக்க உட்கார்ந்துவிடுகிறது. அதனால் மூன்றாவது பொரிக்கும்போது மூத்ததுக்கு இரண்டு, மூன்று நாள் வளர்த்தி. மழை நன்றாகப் பெய்து பூச்சியும் மீனும் கொழித்தால் மூன்றாவதும் பிழைக்கும். இல்லையென்றால் இல்லை. அப்புறம் எதற்கு மூன்றாவது முட்டை? ஒருவகை இன்ஷூரன்ஸ் என்கிறார்கள். முதல் இரண்டில் ஏதாவது போனால் கைகொடுக்க ஒன்று.

நானும் வீட்டில் மூன்றாவது. அண்ணன் என்ஜினீயர். அக்கா டீச்சர். என் முறை வந்தபோது அப்பா ரிடையர் ஆகி, பி.எஃப். பணத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை.

"பறந்துடும்" என்றேன்.

"மூணாவதும்?"

"மூணாவதும்."

மூத்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பொய் தெரியும். ஆறு வயசுக்கும் தெரியும் போலிருக்கிறது. "அப்பறம் எதுக்கு நீ யோசிச்ச?" என்றான்.

சரி என்று நிஜத்தைச் சொன்னேன். கொத்துவதை, தாய் சும்மா இருப்பதை, மழை வருஷத்தை, எல்லாவற்றையும். நடுவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். கடைக்குட்டி கேட்டான்: "நீ மூணாவதுதான? உன்னைக் கொத்துனாங்களா?"

"பெரியவன் கொத்தியிருக்கான். பம்பரத்துக்காக. ஆனா என் காலேஜ் ஃபீஸ் யார் கட்டினா தெரியுமா? உங்கம்மா. மொத மாசச் சம்பளம் வாங்கிட்டு நேரா காலேஜ் ஆபீஸுக்குத்தான் வந்தா. பஸ்ஸுக்குக் காசு போதாம நடந்து வந்தா."

மூத்தவள் இதைக் கேள்விப்பட்டதே இல்லையாம். அக்கா சொல்லியிருக்க மாட்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டிராக்டர் நின்றுபோய், கொக்குகள் வரப்பில் வரிசையாக ஒற்றைக் காலில் நின்றன.

திரும்பி அரக்கோணத்தில் இறங்கும்போது இருட்டிவிட்டது. பிளாட்பாரத்தில் ஒரு மசால் வடைக்காரர். கூடையில் மீதம் மூன்றே வடை. எப்போதும் கடைசியில் நிற்கிற கடைக்குட்டி, இரண்டு பேரையும் முழங்கையால் தள்ளிவிட்டு, கழுத்தை எட்டின மட்டும் நீட்டி, வாயைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து நின்றான். வடைக்காரர் சிரித்துக்கொண்டே முதல் வடையை அவன் கையில் கொடுத்தார்.

அதை இரண்டாகப் பிய்த்தான். பெரிய பாதியை அவன் வைத்துக்கொண்டான். மற்றதை என்னிடம் நீட்டினான்.

"இந்தா. உனக்கும் யாரும் தரல."